பட்டன் டப்பாவில் வைத்த மாத்திரைகள்

எனக்கு வந்த வியாதி ஒன்று. என் கையால் மும்தாஜ் லாத்தாவுக்கு வந்த வியாதி ஒன்று. என்னுடையதை டாக்டர்கள் ஆறு நாளில் ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். லாத்தாவின் கிட்னி பழையபடி ஆகுமா ஆகாதா என்று தெரிய அதற்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. அந்த நாட்களைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறவர் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார். அவர்கள் கண்ணில் இது பட்டால் போதும்.

தாராவியில் எங்களுக்குக் கீழே வீடு, மேலே ஒரு அறை. மேலே போகச் சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி. அந்த அறையில் நாங்கள் ஆறு பெண்கள் தாகா வெட்டுகிறோம். தாகா என்றால் இந்த ஊர் பாஷையில் நூல். தைத்து வருகிற சட்டைகளில் தொங்கும் நூலைக் குட்டிக் கட்டரால் வெட்டி, பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, மடித்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் எழுந்திருக்கும்போது முட்டி இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. லாத்தாவுக்கு அறுபத்தொன்று. லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர்களுக்குக் கடையநல்லூர்ப் பக்கம், எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம்.

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. சிலிண்டரை மூடினேனா என்று பாதி ஏணியில் இருந்து இறங்கி வந்து பார்ப்பேன். மகள் சங்கரி வாஷி ஆபீஸில் இருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், ரயிலில் கூட்டம் தள்ளி விட்டுவிட்டதோ என்று தெருமுனைக்கே போய் நின்றுவிடுவேன். அதே பயத்தில்தான் மாத்திரை டப்பாவும் வைத்திருந்தேன். ஒருத்தி வலி என்று முகத்தைச் சுளித்தால் எனக்குப் பொறுக்காது. உடனே ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

டப்பா என்றால் பட்டன் டப்பா. பன்னிரண்டு கட்டம் போட்ட பிளாஸ்டிக் பெட்டி. உதிர்ந்த பட்டன்களை நிறம் பார்த்துப் பிரித்துப் போட எல்லா அறையிலும் ஒன்று இருக்கும். பழையதாகிப்போன ஒன்றைக் கழுவித் துடைத்து மாத்திரைக்கு வைத்துக்கொண்டேன். மருந்துக் கடையில் நாங்கள் முழு அட்டை வாங்குவது கிடையாது. நாலு குடு, ஆறு குடு என்போம். கத்தரியால் வெட்டித் தருவார்கள். வெட்டியதில் பெயர் பாதி போய்விடும். மீதிப் பெயர் இங்கிலீஷ். அதனால் அட்டையைப் பிரித்து, மாத்திரையை நிறம் பார்த்துக் கட்டத்தில் போட்டுவிடுவேன். வருடக்கணக்காகப் பட்டன் பிரித்த கை. நிறத்தில் ஒரு பிசகு வராது. மூட்டுக்கு ரோஸ். இடுப்புக்கு மஞ்சள். பல்வலிக்கு வெள்ளை. தெம்புக்குச் சிவப்பு. அறையில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

முட்டிக்காக எங்கள் தெரு டாக்டரிடம் போனபோது அவர் இரண்டு எழுதித் தந்தார். சாப்பிட்ட பிறகு ரோஸ் மாத்திரை, காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேப்சூல். ஐந்து நாளைக்கு என்றார். கேப்சூல் எதற்கு என்று கேட்டேன். “கேஸ் வராம இருக்க” என்றார். எனக்குக் கேஸ் தொந்தரவு கிடையாது. அதனால் கேப்சூலை எல்லாம் கேஸ் கட்டத்தில் போட்டேன்; ஏப்பம் விடுகிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ரோஸ் மட்டும் எனக்கு. ஐந்து நாள் முடிந்தது, வலி முடியவில்லை. கடையில் போய் ரோஸையே காட்டி வாங்கினேன். அப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. முட்டியும் இடுப்பும் சேர்ந்து வலித்தால் ரோஸும் மஞ்சளும் சேர்த்துப் போடுவேன். வலி இரண்டு இடத்தில், மாத்திரையும் இரண்டு. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? செவ்வாயும் வெள்ளியும் விரதம். அன்றைக்கு ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போட்டுக்கொள்வேன்.

கடைசி ஒரு மாதமாக உடம்பு ஓய்ந்து ஓய்ந்து வந்தது. ஏணியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தம் குறைவாக இருக்கும் என்று சிவப்பு மாத்திரை போட ஆரம்பித்தேன். சத்து மாத்திரை போட்டால் வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும் என்று பிள்ளை பெற்ற காலத்திலேயே தெரியும். அதனால் கறுப்பாகத் தார் மாதிரிப் போனபோது எனக்குப் பயமே வரவில்லை. எதற்கெல்லாமோ பயந்த நான், பயப்பட வேண்டிய ஒன்றே ஒன்றுக்குப் பயப்படாமல் விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஏணியில் ஏறக் கையை வைத்தேன். சுவர் என் பக்கம் சாய்ந்து வந்தது. அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தபோது எங்கள் வீட்டுக்காரர் தான் ஓட்டுகிற டெம்போவின் முன் சீட்டில் என்னைச் சாய்த்து உட்காரவைத்து, ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். சேலையெல்லாம் ஈரம். வியர்வை.

“ஏங்க, சிலிண்டர்...”

“மூடிட்டேன்ட்டி. நீ வாயை மூடு.”

முனிசிபாலிட்டி பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர் பெண் வந்தாள். சங்கரியை விட நாலு வயது கூட இருக்கலாம். மராத்திக்காரப் பெண், ஹிந்தியில் பேசினாள். அவள் சொன்னதையெல்லாம் எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன். கையைப் பிடித்தாள், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள். உடனே கேட்ட முதல் கேள்வி, “வெளிக்கு என்ன நிறத்தில் போகிறது?”

எங்கள் வீட்டுக்காரர் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “காலா”, கறுப்பு என்றேன்.

“எவ்வளவு நாளாக?”

“ஒரு மாசமா. சத்து மாத்திரை போடுறேன், அதனால...”

“பிசுபிசு என்று, கெட்ட வாடையோடா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். “வலிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?” என்றாள். “ரோஸ்” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். “பெயர்?”

“பேச்சியம்மாள்.”

“உங்கள் பெயர் இல்லை. மாத்திரையின் பெயர்.”

அது யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டுக்காரரை டப்பாவை எடுத்துவரச் சொன்னாள்.

வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது என்றார்கள். கசிந்த ரத்தம் குடல் வழியாக வரும்போது கறுத்துவிடுமாம். கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் போனால் அது சத்து மாத்திரையாகவும் இருக்கலாம், ரத்தமாகவும் இருக்கலாம். வலி மாத்திரை போடுகிறவர்கள் தாங்களாக முடிவு கட்டாமல் அன்றைக்கே காட்ட வேண்டும். இதை நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாரோ தெரியாத ஒருவருடைய ரத்தம் சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கேன்சராக இருக்குமோ என்று நினைத்தேன். இல்லாவிட்டால் டிபி. சங்கரிக்கு வரன் பார்க்க யார் போவார்கள் என்று நினைத்தேன். படுக்கைக்கு நேர் மேலே ஓடிய மின்விசிறி ஒரு பக்கமாக ஆடியது. அது விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கேன்சர் கொஞ்ச நேரம் மறந்தது. வார்டைத் துடைக்க வந்த அம்மாளுக்கு விசிறியைக் கைகாட்டினேன்; மௌசி, அதாவது சித்தி என்று எல்லோரும் கூப்பிடுகிறவள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “பதினஞ்சு வருஷமா ஆடுது, நீ தூங்கு” என்றாள்.

மறுநாள் எண்டோஸ்கோப்பி. வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இரைப்பைக்குள் விட்டுப் பார்ப்பது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தோம். ஒருவர் உள்ளே போனால் கதவு சாத்தும். உள்ளேயிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வரும். பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்ப்போம். என் முறை வந்ததும் தொண்டை மரத்துப்போகக் கசப்பாக ஒன்றை அடித்தார்கள். பல்லுக்கு இடையில் வளையம். முழுங்கு, முழுங்கு என்றார்கள். மௌசி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “பஸ், ஹோ கயா, ஹோ கயா”, போதும், முடிந்தது முடிந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள். அது பொய் என்று தெரிந்தும் ஆறுதலாக இருந்தது.

இரைப்பையில் ஒரு புண். அல்சர். அதில் ரத்தக் குழாய் ஒன்று வாய் திறந்திருந்ததாம். அங்கேயே ஊசி போட்டு, சின்னதாக ஒரு கிளிப் மாட்டி அடைத்துவிட்டார்கள். கேன்சர் இல்லை, புண்ணை உண்டாக்கும் ஒரு கிருமி இருக்கிறதா என்று துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. எல்லாம் மாத்திரை செய்த வேலை. கிளிப்பை மட்டும் வெளியில் வாங்கி வரச் சொன்னார்களாம். எவ்வளவு ஆனது என்று எங்கள் வீட்டுக்காரர் இன்று வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரைப் பெண்கள் வார்டுக்குள் சாயங்காலம் மட்டும்தான் விடுவார்கள். காலையில் கீழே டெம்போ பக்கத்தில் நின்று போன் பண்ணுவார். “ஜன்னலுக்கு வா” என்பார். சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், ஃபிளாஸ்க்கைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். கஞ்சி. மிளகாய் போடாத ரசம். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருடத்தில் அடுப்புப் பக்கம் வராத மனுஷன். முதல் நாள் கஞ்சியில் உப்பே இல்லை. இரண்டாம் நாள் கடல். மூன்றாம் நாள் சரியாக இருந்தது. அதைச் சொன்னால் பெருமை தாங்காது என்று சும்மா இருந்தேன்.

அந்த மூன்றாம் நாள்தான் டாக்டர் பெண் பட்டன் டப்பாவோடு என் படுக்கைக்கு வந்தாள். சங்கரியும் பக்கத்தில் இருந்தாள், லீவு போட்டிருந்தாள். டப்பாவைத் திறந்ததும் டாக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. பேனா மூடியால் ஒவ்வொரு மாத்திரையாகத் திருப்பி, மேலே பொறித்திருந்ததைப் படித்து, சங்கரி வீட்டில் தேடி எடுத்து வந்திருந்த அட்டைத் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தாள்.

“இது அசிக்ளோஃபெனாக். இது டைக்ளோஃபெனாக். இது ஐபுப்ரோஃபென்” என்று ரோஸ், மஞ்சள், வெள்ளை மூன்றையும் என் போர்வை மேல் வரிசையாக வைத்தாள். “மூன்றும் ஒரே குடும்பம். வீக்கத்தைக் குறைத்து வலியைக் குறைக்கிறவை. மாத்திரைக்கு முட்டி எது, இடுப்பு எது என்று தெரியாது, அம்மா. வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. கெடுதல்தான் ஏறும்.”

“சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன் டாக்டர். விரத நாள்ல மட்டும் டீ.”

“டீ சாப்பாடு ஆகாது. சாப்பிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும், நல்லதுதான். ஆனால் சாப்பிட்டேன், இனி ஒன்றும் ஆகாது என்றும் இல்லை. இரைப்பைக்கு உள்ளே ஒரு வழவழப்புப் பூச்சு இருக்கிறது. அதுதான் வயிற்று அமிலத்தில் இருந்து வயிற்றைக் காக்கிறது. இந்த மாத்திரை ரத்தம் வழியாகப் போய் அந்தப் பூச்சையே குறைக்கும். அதற்குக் காவலாகத்தான் உங்கள் டாக்டர் கேப்சூல் எழுதியிருப்பார்.”

கேப்சூல் யார் யார் வயிற்றுக்கோ காவலுக்குப் போய்விட்டதை நான் சொல்லவில்லை. சங்கரி சொன்னாள்.

“வயித்துல வலியே இல்லையே?” என்று கேட்டேன்.

“வலியை மறைக்கிற மாத்திரை. அந்த வலியையும் மறைத்திருக்கும்.”

இந்த மாத்திரைகளே விஷம் என்று அவள் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். சரியான ஆளுக்கு, குறைந்த அளவில், எத்தனை நாள் தேவையோ அத்தனை நாள் மட்டும், ஒன்றே ஒன்று கொடுத்தால் நல்ல மருந்து என்றாள். ஐந்து நாளுக்கு எழுதியதை மாதக்கணக்கில் நீட்டியதும், ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்ததும்தான் தப்பு. பிறகு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: “இதில் இருந்து வேறு யார் சாப்பிட்டார்கள்?”

“கூட வேலை பாக்குற அஞ்சு பேரும்.”

“அறுபது தாண்டியவர்கள்? பிபி, சுகர், கிட்னி, இதயம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இப்படி ஏதாவது இருக்கிறவர்கள்?”

லாத்தாவைப் பற்றிச் சொன்னேன். லாத்தாவுக்கு பிபி. அதற்கு ஒரு மாத்திரை. கால் வீங்குகிறது என்று, நீர் பிரிய இன்னொரு மாத்திரை. இரண்டு மாதமாகக் கால் இன்னும் வீங்குகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். காலையிலும் சாயங்காலமும் என் கையால் ரோஸ். போன வாரம் வாஷியில் தன் மகள் வீட்டுக்குப் பத்து நாள் தங்கப் போனார்கள். அங்கே கஷ்டப்படக் கூடாதே என்று, இருபது மாத்திரையைக் காகிதத்தில் மடித்து நூல் சுற்றி நான்தான் கொடுத்தனுப்பினேன்.

டாக்டர் பேனாவை மூடினாள். “பிபி மாத்திரை, நீர் மாத்திரை, இது, மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்குப் போகிற ரத்தம் குறையும். கால் வீக்கமே இந்த மாத்திரையால் கூடியிருக்கலாம். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள்.”

அதுவரை ரத்தம் போனது எனக்கு. அந்த நிமிஷம்தான் உண்மையில் உடம்பு ஜில்லிட்டது. என் வயிறு என் பாடு. அடுத்தவள் கிட்னி?

போன் போட்டேன். மூன்று தடவை பேரன் எடுத்து விளையாடிவிட்டு வைத்தான். நாலாவது தடவை லாத்தா.

“ஏட்டி பேச்சி! எப்படி இருக்க? ரத்தம் ஏத்துனாவளாமே? கஞ்சி குடிச்சியா?”

“லாத்தா, அந்த ரோஸ் மாத்திரையைப் போடாதீங்க. கிட்னிக்கு ஆகாதாம். டாக்டர் சொல்லுதாவ.”

“உனக்கு ஆகலன்னா எனக்கும் ஆகாதா? எனக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

“வயிறு இல்ல லாத்தா, கிட்னி.”

“அது எங்கட்டி இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது, அதுபாட்டுக்குக் கெடக்கு. ரோஸை விட்டா நான் எப்படித் தொழுவேன்? முட்டி மடங்கணும்லா? நீ பயந்து பயந்து என்னையும் பயங்காட்டாத. படுத்துத் தூங்கு.” வைத்துவிட்டார்கள்.

இதுதான் என் சம்பாத்தியம். இருபது வருடமாகச் சிலிண்டர், ரயில், மின்விசிறி என்று பயந்து காட்டியதில், நிஜமான பயத்தைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நான் அழுதேன். சங்கரி எழுந்து பையை எடுத்தாள்.

“ம்மா, டென்ஷன் மத் லே, பயப்படாத. நான் போறேன். வாஷிதானே, எனக்கு டெய்லி ரூட்டு.” போகும் முன்னால் நான் ரத்தப் பாட்டிலோடு படுத்திருந்த போட்டோ ஒன்று அவள் போனில் இருந்ததை எனக்குக் காட்டினாள். “இதைக் காட்டட்டா?” என்றாள். அதில் என் முகம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. காட்டு என்றேன்.

சாயங்காலம் போன் வந்தது. “பொட்டலத்தைக் கேட்டா தரல ம்மா. ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. அவங்க பொண்ணு கேட்டும் தரல. அப்புறம் உன் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. ‘இது பேச்சியா?’ன்னு கேட்டாங்க. அப்புறம் அவங்களே எடுத்துக் குடுத்துட்டாங்க. எண்ணிட்டேன், எட்டு இருக்கு.”

பன்னிரண்டு உள்ளே போயிருந்தது.

மறுநாள் பார்வை நேரத்தில் மகளோடு லாத்தா வார்டுக்கு வந்தார்கள். செருப்பு வார் காலில் மாட்டாமல் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நடந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் நெற்றியைத் தடவினார்கள். நான் சொல்ல நினைத்து வைத்திருந்த எல்லாம் மறந்துபோய், “நான்தான் லாத்தா குடுத்தேன், நான்தான் குடுத்தேன்” என்று அதையே சொன்னேன்.

“ஆமா, நீதான் குடுத்த. ஊட்டியா விட்ட? நீ குடுத்த, நான் தின்னேன். வாய் என்னுது” என்றார்கள். “அழாதட்டி, எல்லாரும் பாக்காவ. நான் செத்து மௌத்தாப் போய்ட்டேன்னு நெனச்சுக்கப் போறாவ.”

டாக்டர் பெண் லாத்தாவின் கணுக்காலில் கட்டை விரலை வைத்து அமுக்கி எடுத்தாள். மாவில் அமுக்கினது போலக் குழி அப்படியே நின்றது. பிபியும் கூடத்தான் இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் கழித்துக் காகிதம் வந்தது. கிரியேட்டினின் என்று ஒன்று. கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு. கிட்னி சோர்ந்தால் அது ரத்தத்தில் தங்கிக் கூடும். லாத்தாவுக்குக் கூடியிருந்தது. வலி மாத்திரையை அடியோடு நிறுத்தினார்கள். பிபிக்கும் நீருக்கும் போட்டதில் எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்று டாக்டரே எழுதிக் கொடுத்தாள். நாமாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

“சரியாயிருமா?” என்று நான்தான் கேட்டேன்.

“சீக்கிரம் நிறுத்தினால் நிறையப் பேருக்குத் திரும்பி வரும். சிலருக்கு வராது. இப்போது சொல்ல முடியாது.”

ஆறாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேப்சூல் இரண்டு மாதம், என் வயிற்றுக்கே. முட்டிக்குத் தடவுகிற ஜெல். அதையும் சொன்ன அளவுக்கு மேல் தடவக் கூடாது. ரொம்ப முடியாதபோது பாராசிட்டமால். அதற்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி. அதில் முட்டிக்கு நல்லது என்னவோ அந்தப் பயிற்சிதான். ஜெல்லை விட, வெந்நீர்ப் பையை விட, அது. முதல் வாரம் வலித்தது. அப்புறம் பழகியது.

வீட்டுக்கு வந்தால் அதிசயம். எங்கள் வீட்டுக்காரர் மேல் அறையில் பலகை அடித்து நீளமாக ஒரு மேஜை போட்டிருந்தார். ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. “இனி ஒருத்தியும் தரையில உக்காரப்படாது. சட்டைக் கட்டை நான் கயித்துல கட்டி மேல ஏத்துதேன். நீங்க ஒருதரம் ஏறி ஒருதரம் எறங்குனா போதும்” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து தாகா வெட்டினால் ஆபீஸர் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த இரண்டு வாரமும் லாத்தா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்கள். வலி இருந்தது, எழுந்திருக்கும்போது “யா அல்லா” என்பார்கள். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு என் கை தானாக நீளும். இப்போது மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். அது முட்டி வலியை விடக் கஷ்டம். காலையில் வந்ததும் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பேன். அது தெரிந்து அவர்களும் சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டுவார்கள். “பாத்துக்க. வைரம் எதுவும் ஒளிச்சு வைக்கல.” ஐந்தாறு நாளில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் செருப்பு வார் மாட்டியது. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம் என்று அவர்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத்து சொல்லியிருந்தார். அந்த மனக்குறையும் தீர்ந்தது. ஆனாலும் கால் வடிவது வேறு, கிட்னி திரும்புவது வேறு. சிலருக்குத் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தாளே.

இரண்டு வாரம் முடிந்த அன்றைக்கு நானும் லாத்தாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளி நோயாளிகள் வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி வாசல் வரை இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றோம். கொஞ்ச நேரம் அவர்கள் சுவரில் சாய, கொஞ்ச நேரம் நான் சாய்ந்தேன். லாத்தா பழைய காகிதத்தை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து நின்றார்கள்.  உள்ளே போனதும் டாக்டர் பெண் புதுக் காகிதத்தையும் பழைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் முகத்தைத்தான் படித்தேன்.

“இறங்கிவிட்டது” என்றாள். “இருக்க வேண்டிய அளவுக்குள் வந்துவிட்டது. பிபியும் இறங்கியிருக்கிறது. ஆனால் உங்களுக்கு இந்தக் குடும்பத்து மாத்திரை இனி ஆகாது. எந்த டாக்டரிடம் போனாலும் இந்தக் காகிதத்தைக் காட்டி முதலில் அதைச் சொல்லுங்கள்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.  தாழ்வாரத்துக்கு வந்ததும் லாத்தா பெஞ்சில் உட்கார்ந்து, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.  அப்புறம் அவர்கள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்கள்:

“கிட்னி சரியாப் போச்சு. முட்டி வலிக்கே, அதுக்கு என்னட்டி செய்ய?”

வாய் வரைக்கும் ஒரு வைத்தியம் வந்தது. முழுங்கினேன்.

“எனக்குத் தெரியாது லாத்தா.”

அவர்கள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “பேச்சிக்குத் தெரியாதா?”

“தெரியாது. உள்ள போய்க் கேட்டுருவோம்.”

“வந்த வழியே மறுபடியுமா? பாருட்டி, வரிசை வாசலைத் தாண்டிப் போகுது.”

“போகட்டும்” என்றேன். கையைக் கொடுத்தேன்; பிடித்து எழுந்தார்கள். நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டோம்.